டவுன்லோடில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நானும் என் ரத்த அழுத்தமும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் பிரார்த்தனை. ஆனால் நீ சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை, அழுதுகொண்டே இருக்கிறாய் என்று உன் அக்கா போனில் சொன்னாள். அம்மா இத்தனை நாளா வாயே தொறக்கல, அப்போ அவரை வேண்டாம்னு சொல்றாங்கன்னுதானே அர்த்தம் என்று நீ அவளிடம் கேட்டாயாம். உனக்கு என்னைப் பற்றி இவ்வளவுதான் தெரியுமா? எனக்கு ஒன்று பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. அதற்கு எதற்கு நான் மௌனத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும்? நீ கட்டிக்கொள்ள நினைக்கிறவரின் வீடியோவை அனுப்பிய அன்று நீ என்ன எழுதினாய், நினைத்துப் பார். அவரே உங்ககிட்ட பேசியிருக்கார்மா, போன்ல பாக்காதீங்க, கம்ப்யூட்டர்ல டவுன்லோடு பண்ணி முழுசா பாருங்க, பாத்துட்டுக் கூப்பிடுங்க, அதுக்கு முன்னாடி கூப்பிடாதீங்க என்று எழுதினாய். நான் சொன்ன சொல்லைக் கேட்கிறவள். முழுதாக என்றால் முழுதாக. பார்க்க முடியவில்லை, அதனால் கூப்பிடவில்லை. இதை உன் அக்காவிடம் சொன்னால், போதும்மா, கம்ப்யூட்டர் மேல பழியப் போடாதீங்க என்கிறாள். போனில் பேசினால் நீயும் அழுவாய், நடுவில் குறுக்கே பேசுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். உன் அக்கா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். தாளை நேராக வைத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கேள். நீ அனுப்பிய அன்றே மேஜையைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, உட்கார்ந்து டவுன்லோடு என்ற இடத்தை அமுக்கினேன். ஓரத்தில் ஒரு சின்னக் கோடு தோன்றி எறும்பு மாதிரி நகர ஆரம்பித்தது. எவ்வளவு நேரம் ஆகும் என்று அதுவே எழுதிக் காட்டியது, இரண்டு மணி நேரம் என்று. சரி என்று துணி மடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கோடு அங்கேயேதான் நிற்கிறது. கான்வென்டில் எங்கள் தலைமை சிஸ்டர் ஒன்று சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுப் பதில் வராவிட்டால் குரலை உயர்த்தக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது, முதலில் கேட்ட அதே மரியாதையோடு மறுபடியும் கேட்க வேண்டும். நானும் அப்படியே மறுபடி அமுக்கினேன். மறுநாள் காலையில் ஒரு முறை, சாப்பிட்ட பிறகு ஒரு முறை, சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஒரு முறை. ஒரு நாளும் எரிச்சலோடு அமுக்கியதில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சமும் மரியாதை தெரியவில்லை. இரண்டு மணி நேரம் என்றது ஒன்பது மணி நேரம் என்றது, அப்புறம் இரண்டு நாள் என்றது. போகப் போகக் குறைய வேண்டியது கூடிக்கொண்டே போகிறது, ரவிக்கை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் சொல்கிற கெடு மாதிரி.

பிறகு உன் அக்கா வீட்டுக்காரரை வரச் சொன்னேன். மூத்த மாப்பிள்ளையைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன், தங்கமான மனிதர். ஆனால் எந்த வேலையும் சட்டைக் கையை மடித்து விடுவதில் ஆரம்பித்து, மடித்ததை இறக்கி விடுவதில் முடிந்துவிடும், நடுவில் ஒன்றும் நடக்காது. மோடத்தைப் பார்த்தவுடனே ஐயையோ அத்தை என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அதற்கு ரோஜாப்பூப் போட்டு ஒரு குரோஷா உறை பின்னிப் போட்டிருக்கிறேன், உனக்குத் தெரியும், டிவிக்கும் மிக்ஸிக்கும் போட்டிருக்கிற அதே ஜோடி. இதுக்கு மூச்சு முட்டுது அத்தை, அதான் வேகம் இல்ல என்று உறையைக் கழற்றினார். அப்புறம் அதைப் புத்தக அலமாரி மேல் வைத்தார், ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார், கடைசியில் ஒயர் எட்டுகிற தூரம் வரைக்கும் கையில் ஏந்திக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தார். இங்க எப்படி இருக்கு அத்தை, இங்க எப்படி இருக்கு என்று ஒவ்வொரு மூலையிலிருந்தும் கேட்கிறார். எல்லா மூலையிலும் ஒரே மாதிரிதான் இருந்தது. பிறகு கம்ப்யூட்டர்ல அடசல் ஜாஸ்தி, வேண்டாததை அழிக்கணும் என்று உட்கார்ந்து, என் சீட்டுக்கட்டு விளையாட்டில் போய்க் கை வைத்தார். கையை எடுங்கள் மாப்பிள்ளை என்றேன். எடுத்துவிட்டார். நாளைக்குத் தானா சரியாயிடும் அத்தை என்று சொல்லி, சாப்பிட்டு, சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டு போனார். உன் அப்பா இருந்திருந்தால் அதன் தலையில் ஓங்கி ஒன்று வைத்திருப்பார், அதற்கும் சரியாகியிருக்காதுதான், ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் இன்டர்நெட் கம்பெனிக்காரர் வந்தார். செருப்போடு உள்ளே வந்தார், வாசலில் கழற்றி விட்டு வரச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்து, ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா என்று கேட்டார். நான் இந்த வீட்டில் எல்லாவற்றையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணித்தான் குடும்பம் நடத்துகிறேன் என்று சொன்னேன். தன் போனை எடுத்து எதையோ தட்டினார். அதில் வேகம் காட்டுகிற ஒரு முள் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் படுத்துக்கொண்டது. லைன்ல ஒரு குறையும் இல்லம்மா, உள்ள யாரோ விடாம இழுத்துக்கிட்டே இருக்காங்க, பாஸ்வேர்டை யாருக்காவது குடுத்தீங்களா என்றார். எனக்குச் சுருக்கென்றது. கொடுத்திருந்தேன். மாடியில் இருக்கிற பல் டாக்டரின் மனைவிக்கு, அவர்கள் லைன் மழையில் கெட்டுப்போனபோது ஒரே ஒரு நாளைக்கு என்று கொடுத்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் முன்பல் இரண்டும் போய்விட்டன, அதை உனக்குச் சொல்லவில்லை, நீ கவலைப்படுவாய் என்று. புதிதாகப் பல் செய்து தருவது இந்த டாக்டர்தான். அளவெடுத்துவிட்டார், பல் இன்னும் அவர் கையில் இருக்கிறது, என் வாயில் கைக்குட்டை இருக்கிறது. இந்த நிலையில் அவரைப் பகைத்துக்கொள்ளலாமா? அதனால் பேசாமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன். முழு வாக்கியம் ஒன்று போட்டு, கடைசியில் முற்றுப்புள்ளியும் வைத்தேன், ஒரு திருடனும் முற்றுப்புள்ளி வரைக்கும் யோசிக்க மாட்டான். அப்படியும் கோடு நகரவில்லை. முன்பைவிட மோசம். நானும் விடாமல் மூன்று வேளையும் மரியாதையாக அமுக்கிக்கொண்டுதான் இருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் உன் அக்கா போன் செய்து, நீ அழுகிற செய்தியைச் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் பெண் அங்கே அழுகிறாள், இவர்கள் மாடியில் உட்கார்ந்து என் இன்டர்நெட்டில் சினிமா பார்க்கிறார்களா? பல்லும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று நேராகப் படியேறினேன். கிளினிக்கில் கன்னம் வீங்கிய நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கதவைத் திறந்து வெளியே வந்ததும், கைக்குட்டையை எடுத்துவிட்டு, எங்கள் வீட்டிலிருந்து எடுத்ததை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். பல் இல்லாத வாயில் அது எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. ஓரத்தில் இருந்த ஒருவர், பாவங்க, அந்தம்மா புடுங்கின பல்லைத் திருப்பிக் கேக்கறாங்க, குடுத்துடுங்க டாக்டர் என்று எனக்காகப் பரிந்து பேசினார்.

டாக்டர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. நோயாளிகளை உட்காரச் சொல்லிவிட்டு, அங்கியோடு கீழே வந்தார், பின்னாலேயே அவர் மனைவி. எங்களுக்கு வேற லைன் வந்து மாசக்கணக்காச்சும்மா என்று தன் போனில் காட்டினார். அப்புறம் என் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து, அந்த ஓரத்துக் கோட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினார். திரை முழுக்க ஒரே பெயர், ஒன்றன் கீழ் ஒன்றாக, இறங்கிக்கொண்டே போகிறது. எல்லாம் நீ அனுப்பிய அதே வீடியோ. நான் ஒவ்வொரு முறை அமுக்கியபோதும் அது முதலிலிருந்து புதிதாக ஒன்றை இழுக்க ஆரம்பித்திருக்கிறது. பழையது நிற்கவும் இல்லை, முடியவும் இல்லை. டாக்டர் எண்ணிப் பார்த்துவிட்டு, திருடன் அகப்பட்டுட்டாம்மா என்றார். எங்கிட்ட இருக்கறது ஒரு நாற்காலி, இருபத்துமூணு பேரு ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்து வாயத் தொறந்தா நான் யாருக்குன்னு பாப்பேன், அதுலயும் இருபத்துமூணும் ஒரே ஆளு என்றார். அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். சிரிக்கிறதானால் நேராகச் சிரி என்றேன், சிரித்துவிட்டாள். நான் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் இன்னும் சொல்கிறேன். கேட்டாயிற்று, கொஞ்சம் பொறுங்கள் என்று அந்த இயந்திரம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பொறுத்திருக்க மாட்டேனா? ஆனால் நியாயம் நியாயம்தான். மறுபடியும் படியேறிப் போய், அதே வீங்கிய கன்னங்களுக்கு முன்னால், டாக்டர் எதையும் எடுக்கவில்லை, இழுத்தது நான்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவர்களுக்கு ஒன்றும் புரிந்த மாதிரி தெரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார்கள்.

டாக்டர் முதல் ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் நிறுத்தினார். அவர் மனைவி கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. நான் மட்டும் பார்க்க வேண்டியது என்று எழுதியிருந்தாய். ஆனால் சற்று முன்புதான் திருடர் என்று சொல்லிவிட்டு, உடனே எழுந்து போங்கள் என்று எப்படிச் சொல்வது? மூன்று பேருமாகத்தான் பார்த்தோம். அவர் கேமராவைப் பார்த்து வணக்கம்மா, நான் லிஃப்ட் ரிப்பேர் பாக்கறவன் என்றதும் டாக்டர் மேல்வரிசைப் பல் பிரமாதம் என்று சொன்னார். இவ்வளவு பெரிய வீடியோ ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. மனிதர் ஒன்றையும் விடவில்லை. சமையலறை அலமாரியைத் திறந்து காட்டுகிறார், படுக்கையைக் காட்டுகிறார், துருப்பிடிக்காத கருவிப் பெட்டியைக் காட்டுகிறார், குளியலறையைக் கூட விடவில்லை. அங்கே துண்டு கோணலாகத் தொங்கியது. நான் அதைக் கவனித்து வாயைத் திறப்பதற்குள், கேமரா நின்றது, ஒரு கை நீண்டு துண்டை நேராக்கியது, பிறகு மேலே போனது. எனக்கு அந்த இடத்திலேயே பாதி மனசு கரைந்துவிட்டது. மீதி, நீ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கதையை அவர் சொன்னபோது. உங்க பொண்ணு உள்ள இருந்து கதவத் தட்டல, கத்தல, தயவுசெஞ்சு சீக்கிரம் தொறங்கன்னு ஒரே மாதிரி கேட்டுக்கிட்டே இருந்தாங்கம்மா, நல்லா வளத்திருக்கீங்கன்னு அப்பவே நெனச்சேன் என்கிறார். டாக்டர் மனைவி அழுதுவிட்டாள். நான் அழவில்லை, கைக்குட்டை வாய்க்காகத்தான் இருந்தது, கண்ணுக்குப் போனது தற்செயல். கடைசியில், நீங்க சம்மதிச்சா நேர்ல வர்றோம்மா, நீங்க சம்மதிச்சா உங்க வீட்டு மனுஷனா இருப்பேன், எங்கிட்ட எது சரியில்லையோ சொல்லுங்க, மாத்திக்கறேன், உங்க பொண்ண மட்டும் என்னால மாத்திக்க முடியாது என்று முடித்தார்.

நீ லிஃப்ட் வேலை என்று சொல்லப் பயந்து இத்தனை நாள் சுற்றி வளைத்தாயே, அதுதான் எனக்கு வருத்தம். மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து ஆட்களை வெளியே எடுக்கிற வேலையில் என்ன குறை கண்டாய்? இனிமேல் அம்மா பேசாமல் இருந்தால் கோபம் என்று நீயாக முடிவு கட்டாதே, கம்ப்யூட்டரைப் பற்றி விசாரி. வேளைக்குச் சாப்பிடு. இப்படிப் பெரிய வீடியோவெல்லாம் இனி அனுப்பாதே, ஆளையே கூட்டிக்கொண்டு வா, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

தன்னிடம் எது சரியில்லை என்று அவர் கேட்டார் இல்லையா, நான் வீடியோவை இரண்டாம் முறையும் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் சரியில்லை. நீங்க சம்மதிச்சா, நீங்க சம்மதிச்சா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்த வார்த்தையை எடுத்துவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
உங்கள் இருவரின்
அம்மா