கோழிக்குப் போன தேங்காய் பிஸ்கட்

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த 'அன்புள்ள'வை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. முதலில் வெறும் 'அத்தானுக்கு' என்றுதான் எழுதினேன். யாரோ ஆபீசுக்கு லீவு லெட்டர் எழுதியதுபோல இருந்தது, கிழித்துப் போட்டேன். முப்பத்திரண்டு வருடம் உங்களோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு, கோபம் வந்துவிட்டது என்பதற்காக அன்பு இல்லையென்று எழுத முடியுமா? இருக்கிறது. இல்லாவிட்டால் இவ்வளவு வலிக்குமா?

முதலில் வீட்டுச் செய்தி. நம் மகள் பிரீத்தி குவைத்தில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டாள், இப்போது பகல் டூட்டி மட்டும்தான். தக்கலையில் நம் வீட்டு முன்னால் ரோட்டைத் தோண்டிப் பைப் போட்டவர்கள் குழியை மூடாமலே போய்விட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் இதற்குள் நாலு மனு எழுதியிருப்பீர்கள். நீங்கள் நட்ட ரம்புட்டான் முதன்முதலாகக் காய்த்தது. வௌவால் தின்றதுபோக எனக்குப் பன்னிரண்டு பழம் கிடைத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிஸ்கட் விஷயம்.

நம் கல்யாணம் முடிந்து வந்த முதல் டிசம்பரில் உங்கள் அக்கா தங்கபாய் மைனிதான் எனக்கு அந்தத் தேங்காய் பிஸ்கட்டைச் சொல்லித் தந்தார். மைதா, வெண்ணெய், பொடித்த சீனி, துருவின தேங்காய், கொஞ்சம் ஏலக்காய். "சப்பாத்திக்குப் போல போட்டு பெசையப்பிடாது மக்கா, வெறுதே சேத்துக் கூட்டினா போதும்" என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். சுட்ட சூட்டில் ஒன்றும், ஆறின பிறகு ஒன்பதுமாக, பால் விடாத கட்டன் சாயாவோடு நீங்கள் தின்றதை நான் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தேன். இருபத்தெட்டு கிறிஸ்துமஸ் அப்படித்தான் போனது.

பிறகு கீரிப்பாறை எஸ்டேட் வேலையிலிருந்து நீங்கள் ரிட்டயர் ஆன மாதமே சுகர் வந்தது. அந்த டிசம்பரில் நான் வெண்ணெய் வாங்கவில்லை. "பிஸ்கட்டு இல்லாம என்ன கிறிஸ்மஸ் ஏட்டி?" என்று கேட்டுவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அந்த முகத்துக்காகத்தான் நான் தொடங்கினேன்.

என் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த ஓவன் முன்னால் நான் எத்தனை மத்தியானம் நின்றிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். பாதி மைதாவை எடுத்துவிட்டுக் கோதுமை மாவும் ஓட்ஸ் பொடியும் போட்டேன். வெண்ணெயைப் பாதியாக்கினேன், சீனியை மூன்றில் ஒன்றாக்கினேன். முதல் தடவை கல்லு மாதிரி வந்தது. அடுத்த தடவை தயிர் சேர்த்துப் பார்த்தேன், பிஸ்கட்டுக்குப் பதிலாக ஏதோ ஒரு வகைப் பன் கிடைத்தது. சீனி குறைந்தால் நிறம் வராது, வெண்ணெய் குறைந்தால் மொறுமொறுப்பு வராது என்பதெல்லாம் யாரும் சொல்லி நான் படிக்கவில்லை. கெட்டுப்போன தட்டுகள்தான் சொல்லித் தந்தன. ஏழாவது தடவை தேங்காயைத் தனியாகப் பொன்னிறத்தில் வறுத்துச் சேர்த்தேன். அதிலேயே ஒரு தித்திப்பு இருக்கிறது. மாவை மெல்லிசாகப் பரத்தி, சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டினேன். பல்லில் வைத்ததும் 'டக்'கென்று உடைந்தது. நான் அடுப்படியில் தனியாக நின்று கை தட்டினேன்.

நீங்கள் ஒன்றைக் கடித்துவிட்டு என்ன சொன்னீர்கள்?

"சத்தியமா சொல்லுகேன் ஸ்டெல்லா, பழசவிட இதாக்கும் நல்லாருக்கு."

நான் நம்பினேன். ஏன் நம்பமாட்டேன்? நீங்கள் சத்தியம் என்று சொன்னது என் நினைவில் அதுவரை இரண்டோ மூன்றோ தடவைதான்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சுட்டேன். எத்தனை நாள் மொறுமொறுப்பு நிற்கிறது என்று பார்க்க ஒவ்வொரு டப்பாவிலும் தேதி எழுதி ஒட்டினேன். வீட்டில் என் முன்னால் இரண்டு தின்பீர்கள். சனிக்கிழமை காலையில் மைனியைப் பார்க்க மார்த்தாண்டம் பஸ் ஏறும்போது மீதியை டப்பாவோடு பையில் வைத்துக்கொள்வீர்கள். "வழியில கொறிக்கலாம், அக்காளுக்கும் குடுக்கலாம்" என்பீர்கள். இரண்டு வருடம் இப்படி.

நாகர்கோவிலில் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கியது ஞாபகம் இருக்கிறதா? "டயட் ஒழுங்கா இருக்காம்மா? மறைச்சு வேற ஏதாவது சாப்பிடுறாரா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஒரு தித்திப்பு கெடையாது டாக்டர். பிஸ்கட்டுகூட நானாக்கும் சீனி கொறச்சு சுட்டுக் குடுக்கேன். நான் பொறுப்பு" என்றேன். நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் பேச்சை நம்பி அவர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த தடவை ஊசி வந்தது. பிறகு சில நாள் மத்தியானம் நீங்கள் வேர்த்து, கை நடுங்கி உட்கார்ந்துவிடுவீர்கள். நான் பதறிக்கொண்டு சீனித்தண்ணீர் கலக்குவேன். அப்போதாவது சொல்லியிருக்கலாமே அத்தான்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். நெஞ்சு என்றார்கள்.

அன்றைக்கு வீடு நிறைய ஆள். உங்களைக் கிடத்தியிருந்த பெட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் சித்தி, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "சுகர் உள்ள மனுசனுக்கு வாராவாரம் தேங்காயப் போட்டு பிஸ்கட்டு சுட்டுக் குடுத்தாளாம். நெஞ்சு தாங்குமா?" மைனி என் தோளில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கை ஒரு தடவை இறுகியது எனக்குத் தெரிந்தது. எனக்காகத் துக்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

அந்தச் சொல்லோடு நான் பதினோரு மாதம் வாழ்ந்தேன். ஓவன்மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன். வறுத்த தேங்காய் வாசனை எங்கிருந்து வந்தாலும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவேன். வெண்ணெயைப் பாதியாக்கத் தெரிந்தவளுக்குத் தேங்காயை விடத் தெரியவில்லையே, என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டப்போய் மனுஷனைக் கொன்றுவிட்டேனே என்று எத்தனை ஜெபத்தில் அழுதிருப்பேன். அதெல்லாம் உங்கள் காதில் விழுந்ததா?

போன மாதம், உங்கள் வருட ஜெபத்துக்கு நேரில் அழைக்கலாம் என்று போன் செய்யாமலே மார்த்தாண்டம் போனேன். மைனி வீட்டுப் பின்பக்கம் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். கிணற்றுச் சுவரில் வரிசையாக ஏழெட்டு டப்பா. எல்லாவற்றிலும் என் கையெழுத்தில் தேதி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, என் டப்பாவையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறாரே என்று.

"பிஸ்கட்டு நல்லாருந்துதா மைனி? நீங்க ஒருநாளும் ஒண்ணும் சொன்னதில்லியே" என்று கேட்டேன்.

மைனி கையிலிருந்த தீவன டப்பாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது மக்கா. நான் தின்னல்ல."

"பின்ன ஆரு தின்னா?"

"கோழிக்குப் போட்டுட்டேன்." பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்தாரோ என்னவோ, "கோழி நல்லா தின்னும்" என்றார்.

சிரிக்கவா அழவா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கிணற்றடியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். சனிக்கிழமைதோறும் உங்களுக்காக வெண்ணெயும் சீனியும் முழுசாகப் போட்டுப் பழைய பிஸ்கட்டைச் சுட்டு வைத்திருந்தாராம். நீங்கள் போய் உட்கார்ந்து பத்தோ பன்னிரண்டோ தின்றுவிட்டு, வாயைக் கழுவி, என் டப்பாவைக் கிணற்றடியில் வைத்துவிட்டு பஸ் ஏறுவீர்களாம்.

"நான் வேண்டாம்னு சொன்னேன் மக்கா. கெஞ்சுனான். எனக்க ஒரே தம்பியில்லியா? 'இனி எத்தன நாளு இருக்கப்போறேன்க்கா'ன்னு பறஞ்சான். என்னால முடியல்ல."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"அதும் கேட்டேன். 'ரெண்டு வருசமா அந்த அடுப்புக்க முன்னால அவ நிக்கா அக்கா, நல்லாருக்குன்னு சொன்னா அவளுக்க மொகத்துல ஒரு சிரிப்பு வருது, அதப் பாத்துட்டு எப்படி சொல்லுவேன்'னான்."

இந்த இடத்தில் நான் உருகிவிடுவேன் என்று மைனி நினைத்தார். நீங்களும் நினைத்திருப்பீர்கள். என் சிரிப்பை உங்களிடம் யார் கேட்டது அத்தான்? நல்லாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எட்டாவது தடவை சுட்டிருப்பேன், பத்தாவது தடவை சுட்டிருப்பேன். மாதத்துக்கு இரண்டு பழைய பிஸ்கட் தின்னலாமா என்று டாக்டரிடம் நாம் இரண்டுபேரும் சேர்ந்து கேட்டிருக்கலாம். நீங்கள் சனிக்கிழமை தின்றதற்கு அவர் ஊசியைக் கூட்டினார், மற்ற ஆறு நாளும் உங்கள் உடம்பு அந்த ஊசியைத் தாங்கி நடுங்கியது. நான் பொறுப்பு என்று சொல்லவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தீர்களே, அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள்?

"அன்னிக்கு சித்தி என்னையச் சொன்னப்ப நீங்க எனக்க பக்கத்துலதான இருந்திய?" என்று மைனியிடம் கேட்டேன். அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் சாயா குடிக்காமல் வந்துவிட்டேன்.

பிரீத்திக்குப் போன் செய்தேன். அவள் முதலில் சிரித்துவிட்டாள். "அப்பா சின்னப்பிள்ள மாதிரி பண்ணியிருக்கார்மா." நான் சேர்ந்து சிரிக்கவில்லை. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அம்மா, நீங்க இத்தன நாளா உங்கமேலயா பழியப் போட்டிட்டு இருந்திய?" என்று கேட்டாள். அவளிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் மைனி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் லேப் ரிப்போர்ட்டோடு.

"எனக்கும் சுகரு வந்துட்டு மக்கா. முன்னூறு தாண்டிட்டு. உனக்க அந்த பிஸ்கட்டு எப்படியாக்கும் சுடணும்?"

கதவைச் சாத்திவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது, சத்தியமாக நினைத்தேன். பிறகு சொன்னேன்: "சுட்டுத் தாரேன் மைனி. ஆனா அன்னிக்கு சித்தி சொன்னத எத்தன பேரு கேட்டாவளோ, அத்தன பேருக்கும் நீங்க உள்ளதச் சொல்லணும்."

"செத்தவன எப்படி மக்கா சபையில..."

"இருக்கவள சொல்லலாமா?"

அவர் படியிறங்கிப் போனார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

வருட ஜெபத்துக்கு வந்தார். சபை ஐயர் ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னதும், எல்லாரும் எழும்புவதற்கு முன்னால், மைனி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "எனக்க தம்பி தின்ன பிஸ்கட்டு நான் சுட்டதாக்கும். ஸ்டெல்லா சுட்டது எனக்க கோழிதான் தின்னுது. அவளுக்க மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும். நான் வாயத் தொறந்து மிண்டாம இருந்துட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. சித்தி தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் போகும்போது வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்கு அதுவே போதும் என்று அப்போது தோன்றியது. இன்றைக்குப் போதாது என்று தோன்றுகிறது. நாளைக்கு எப்படியோ.

சொன்ன வாக்குக்காக இந்த வெள்ளிக்கிழமை பெட்ஷீட்டை எடுத்துவிட்டு ஓவனைத் துடைத்தேன். சுட்டேன். நேற்று மைனி வந்து மேசையில் உட்கார்ந்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார், மெதுவாக மென்றார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வாய்வரைக்கும் ஒரு சொல் வந்தது எனக்குத் தெரிந்தது, உங்களிடமிருந்து நான் நூறு தடவை கேட்ட அதே சொல். அவர் அதை முழுங்கினார்.

"நல்லால்ல மக்கா" என்றார். "ஓட்ஸு தொண்டையில பிடிக்கு. உப்பும் இல்ல."

அத்தான், எனக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நானும் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். உண்மைதான். ஓட்ஸ் தொண்டையில் பிடிக்கிறது. இரண்டு வருடம் சுட்டிருக்கிறேன், எனக்கு இது தெரியவில்லை பாருங்கள். உங்கள் பேச்சைக் கேட்டுத் தின்றதால் என் நாக்கே எனக்குப் பொய் சொல்லியிருக்கிறது.

அடுத்த தடவை ஓட்ஸை வறுத்துச் சலித்துப் போடுவேன். ஒரு சிட்டிகை உப்பு கூட்டுவேன். உங்கள் அக்காவை நான் பார்த்துக்கொள்கிறேன், அதை நினைத்து நீங்கள் வருத்தப்பட வேண்டாம். டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போவேன், ஆனால் 'நான் பொறுப்பு' என்று சொல்லமாட்டேன், மைனியையே பேசச் சொல்வேன். மைனியிடம் நானும் ஒரு பொய்யும் சொல்லமாட்டேன், அவர் முகம் வாடினாலும் சரி. இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு. உங்களை மன்னிப்பதைப் பற்றி இப்போதைக்கு வாக்கு ஒன்றும் இல்லை. கல்லறைக்கு ஞாயிறுதோறும் வருவேன், பூ வைப்பேன், சண்டையும் போடுவேன். கேட்டுக்கொண்டு கிடங்கள்.

உங்கள் பெயரை இன்னும் தன் பெயரோடு எழுதுகிற
உங்கள் பெண்டாட்டி,
ஸ்டெல்லா