ஐந்தே முக்கால் வேனும் ‘ஸ்டாபில்’ என்ற சொல்லும்

அனுப்புநர்:
சத்தியசீலன் த/பெ பிச்சை,
எண் 27, மூன்றாம் டிவிஷன் குடியிருப்பு,
பாடாங் செராய், கெடா.

பெறுநர்:
பயனர் நல அதிகாரி,
நலவழி நோயாளி வேன் சேவை,
அலோர் ஸ்டார்.

பொருள்: தங்கள் மென்பொருள் கையேட்டில் ‘ஸ்டாபில்’ என்று குறித்த நேரப் பட்டியலை அறிவிப்பின்றி மாற்றியது குறித்தும், திருமதி குணவதியின் டயாலிசிஸ் வேன் இடத்தைக் காக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே புகாரை மலாயில் மூன்று முறை தங்கள் இணையத்தளத்தில் பதிந்தேன். மூன்றுக்கும் ‘செலெசாய்’, அதாவது முடிந்தது, என்று பதில் வந்தது. எதுவும் முடியவில்லை. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்று அறிந்து இம்முறை தாளில் எழுதுகிறேன். சுற்றிவளைத்து எழுத எனக்கு வராது, பொறுத்தருள்க.

1. நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். தங்கள் வேன் விவரங்களை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று தங்கள் கையேடே அழைத்தது. அதை நம்பி, எங்கள் குடியிருப்பின் ஐந்து டயாலிசிஸ் நோயாளிகளுக்குத் தமிழில் தகவல் போகும்படி ஒரு சிறு செயலி எழுதினேன். மலாய்க் கையேட்டில் நேரப் பட்டியலுக்கு ‘ஸ்டாபில்’ என்றும், வேன் வரும் இடத்தைக் காட்டும் வரைபடத்துக்கு ‘பெர்ச்சுபான்’ என்றும் போட்டிருந்தது. முதலாவதை ‘உறுதியானது’ என்றும் இரண்டாவதை ‘சோதனை’ என்றும் தமிழாக்கி ஒட்டினேன்.

2. ‘சோதனை’ என்று போட்டது என் தவறு. பக்கத்து வீட்டு குணவதி அக்கா வரைபடத்தைத் தொடவே இல்லை. “பட்ட சோதனை போதாதா தம்பி, இன்னொண்ணு எதுக்குலா?” என்றார். ‘உறுதியானது’ என்ற பட்டியலை மட்டும் நம்பினார்.

3. அந்தப் பட்டியலில் ‘நேரம்’ என்ற கட்டம், வேன் எங்கள் சந்திக்கு வரும் நேரத்தைக் காட்டி வந்தது. ஏப்ரல் 20 முதல் அதே கட்டம் வேன் டயாலிசிஸ் மையத்தைச் சேரும் நேரத்தைக் காட்டத் தொடங்கியது. கட்டத்தின் பெயர் மாறவில்லை. ‘ஸ்டாபில்’ மாறவில்லை. ஒரு வரி அறிவிப்பு இல்லை. காலை 5.45 என்று போக வேண்டிய தகவல் 6.40 என்று போனது. வேன் நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

4. வேனைத் தவறவிட்ட மற்ற நால்வரை அந்த வாரம் வீட்டார் காரில் கொண்டுபோனார்கள், என்னிடம் யாரும் சொல்லவில்லை. அக்கா தனியாக வசிப்பவர். 21ஆம் தேதி திங்கட்கிழமை ஆறரைக்கே சந்தியில் போய் நின்றார். வேன் எப்போதோ போய்விட்டிருந்தது. மாலையில் வேலை முடிந்து வந்த நான், “நீங்கதான் லேட்டா போயிருப்பீங்க” என்று அவரிடம் சொன்னேன். கையேட்டைத் திறந்தேன், ‘ஸ்டாபில்’ என்றே இருந்தது. சோதிப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவன், அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் மூடிவிட்டேன். மென்பொருளை விட்டுவிட்டு மனுஷியைச் சந்தேகப்பட்டேன். புதன்கிழமையும் வேன் தவறியது. வெள்ளிக்கிழமை கால் வீங்கி, மூச்சு வாங்க, மருத்துவமனையில் சேர்த்தோம்.

அந்த இரண்டு நாளும் ‘சோதனை’ வரைபடம் வேனைச் சரியாகவே காட்டியிருக்கிறது. ‘நேரம்’ மாறியதையும் இதையும் மருத்துவமனையிலிருந்து திரும்பிய இரவுதான் பதிவுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

5. ஞாயிற்றுக்கிழமை வார்டில் டாக்டர், அக்கா இப்போது ‘ஸ்டாபில்’ என்றார். அக்கா என்னைப் பார்த்து, “உன் வேன் மாதிரியா தம்பி?” என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்தார்கள்.

6. என் செயலியை அந்த வெள்ளி இரவே திருத்திவிட்டேன், அரை மணி நேர வேலை. அக்காவைத் திருத்த முடியவில்லை. கைப்பேசியை அரிசி டின்னில் போட்டு மூடிவிட்டார். வீட்டுத் தொலைபேசியில் தங்கள் முகப்பு ஊழியர் திருமதி மாலாவை அழைத்து நேரம் கேட்கிறார். கேட்ட பிறகும் 4.45க்கே சந்தியில் போய் நிற்கிறார், மழை பெய்தாலும்.

7. இந்நிலையில், மின்சேவை ‘ஸ்டாபில்’ ஆகிவிட்டதால் ஜூன் 1 முதல் தொலைபேசிப் பதிவு நிறுத்தப்படும், நலவழியின் செயலியில் உறுதி செய்யாதவரின் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று தங்கள் சுற்றறிக்கை வந்துள்ளது. அவர் கைப்பேசியில் நானே அழுத்தித் தருகிறேன் என்று அக்காவிடம் கெஞ்சினேன். “அழுத்தினா இருக்கிறதும் போயிரும்” என்கிறார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை.

எனவே, அக்காவைப் போன்றவர்களுக்காகத் தொலைபேசிப் பதிவைத் தொடருமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘ஸ்டாபில்’ என்று போட்டால், எந்தத் தேதி வரை மாறாது என்பதையும் பக்கத்தில் போடுங்கள். மாற்றுவதானால் முப்பது நாள் முன்பு சொல்லுங்கள். முடியாதென்றால் அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள். ‘தெரியாது’ என்று போட்டிருந்தால்கூட நான் சோதித்துப் பார்த்திருப்பேன்.

ஜூன் 2, திங்கட்கிழமை. பட்டியலில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அக்கா அந்தச் சந்தியில் நிற்பார். வேன் நிற்குமா என்று தினமும் என்னைக் கேட்கிறார். நிற்கும் என்று நான் சொன்னால் நம்பமாட்டார்; சொல்ல எனக்கும் துணிவில்லை. அவருடைய வீட்டு எண்ணைத் தனித்தாளில் இணைத்துள்ளேன். மாலையில் எடுப்பார். இந்த மனுவுக்கும் ‘செலெசாய்’ போடும் முன், தாங்களே அவரை அழைத்து ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா.

இப்படிக்கு,
பணிவுடன்,
சத்தியசீலன் த/பெ பிச்சை
(ஒப்பம்)

இடம்: பாடாங் செராய்
நாள்: 14.5.2025