சிற்றேட்டில் என் கையெழுத்து

அன்புள்ள உனக்கு,

இத்தனை நாள் நாம் இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்தான்.

நான் படித்த பல்கலைக்கழகத்தின் சிற்றேட்டில் என் படத்தைப் போட்டு "வெளிநாட்டில் பேராசிரியர்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் சொல்லாத புகழுரைக்குக் கீழே என் கையெழுத்து வேறு. நானோ இங்கே ஒரு விடுதியில் சாவி கொடுக்கிறவன். இங்குள்ள சமையல்காரர் அதைப் பார்த்துவிட்டு, "புரொபசர் ஐயா, ஸ்டோர் ரூம் சாவியக் கொஞ்சம் தர்றீங்களா?" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

கையெழுத்தை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்க மாட்டேன். உன் தம்பி அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்தில்தானே இருக்கிறான். அங்கேதான் சேருவேன் என்று நிற்கும் நம் மகளோ, "நீங்களே கையெழுத்துப் போட்டுச் சொல்லிருக்கீங்க, அப்புறம் என்னப்பா?" என்று போனில் கேட்கிறாள்.

அங்கே பத்து மாடி, நீச்சல் குளம் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் வாசலைத் தாண்டினால் ஒரு கம்பெனி கிடையாது. படித்து முடித்தால் என்னைப்போல் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சின்னப் பல்கலைக்கழகத்தில் ஆய்வகத்துக்கே தகரக் கூரை. ஆனால் சுற்றியுள்ள தொழிற்சாலைகள் கடைசி ஆண்டிலேயே பிள்ளைகளை எடுத்துக்கொள்கின்றன. சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அவளை அக்கரைக்கே அனுப்பு. உன் தம்பி முறைத்தால் முறைக்கட்டும்.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. ஒரு தலையணை உறையும் வை. புதிது வேண்டாம், வீட்டில் கிடப்பதே போதும்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள். என் எழுத்து உனக்குத் தெரியும். என் கையெழுத்து அங்கே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதனால் இதில் போடாமலே அனுப்புகிறேன்.