நல்லானின் கல்யாண வேட்டி

13-2-1936, வியாழன்

செம்மேட்டுச் சந்தையில் துணி விற்று முடித்து, மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கி வந்ததில் கால் வலி. தூக்கம் வராததற்குக் காரணம் அது இல்லை.

கட்டப்போகிறவர் கையாலேயே எட்டு முழம் அளந்து வேட்டி கிழிப்பது என் வழக்கம். பிறகு யாரும் குறை சொல்ல முடியாது. இன்று வளப்பூரிலிருந்து நல்லான் என்ற பையன் கல்யாண வேட்டி கேட்டு வந்தான். பிறவியிலேயே கையும் காலும் கட்டை. அவன் கையாலேயே அளந்து கிழித்தேன். கட்டிப் பார்த்தான். கீழே தரையில் புரண்டது, இடுப்பைச் சுற்றி வரவோ துணி போதவில்லை. அவன் இடுப்பு என் இடுப்பு அளவு இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அளக்கறப்பவே சொல்றதுக்கென்னப்பா?"

"எல்லாக் கடையிலயும் இப்படித்தானுங்க ராவுத்தரே கிழிப்பாங்க. ஊட்டுல ஒட்டுப் போட்டுக்குவேனுங்க."

கல்யாணத்துக்கு ஒட்டு வேட்டியா! அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, என் கையால் எட்டு முழம் அளந்து வேறு கிழித்துக் கொடுத்தேன்.

அவன் கட்டியிருந்த பழைய வேட்டியிலும் ஒட்டு இருந்தது. வந்தபோதே கவனித்தேன். பாவம், இல்லாத வீட்டுப் பையன் என்று நினைத்துக்கொண்டேன்.