தூளிக்குள் அடங்காத செருப்பு

என் அன்புக்குரிய, குழந்தைகளின் எலும்பு டாக்டரம்மாவுக்கு,

நலமா என்று நீங்கள் கேட்கவே மாட்டீர்கள். "எங்க, நடந்து காட்டு" என்பீர்கள். நடக்கிறேன். நேற்று பஸ்ஸைத் துரத்தியே பிடித்தேன். கண்டக்டர்தான் திட்டினார்.

மாரடைப்பில் நீங்கள் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஊர்ப் பிள்ளைகளின் எலும்பையெல்லாம் தடவிப் பார்த்தீர்களே, உங்கள் நெஞ்சை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கக் கூடாதா?

உள்நோக்கி வளைந்த பாதத்தோடு பிறந்தவள் நான். வாராவாரம் மாவுக்கட்டு போட்டு நேராக்கினீர்கள். "வளர்ற எலும்புகிட்ட சண்டை போடக் கூடாது, கெஞ்சணும்" என்பீர்களாம். திரும்ப வளையாமலிருக்க, ஒரு கம்பியின் இரு முனையிலும் பூட்டிய செருப்பைக் கொடுத்தீர்கள். நாலு வயது வரை, தூங்கும்போது அது காலில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. கொட்டகையில் தூளி கட்டி என்னைப் போட்டால், கம்பி துணிக்குள் அடங்கவில்லை. கால்தான் நேராகிவிட்டதே என்று கழற்றிவிட்டாள். ஐந்து வயதில் பாதம் பழையபடி திரும்பிக்கொண்டது.

திட்டு விழும் என்று அம்மா நடுங்கினாள். நீங்களோ எங்கள் ஊர் மரக்காணத்துக்கே வந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி பாத்தி வரப்பில் நடந்து, கொட்டகையில் இன்னும் தொங்கிய அந்தத் தூளியைப் பார்த்தீர்கள்.

"மெட்ராஸ், வெளிநாடுன்னு எவ்ளோ படிச்சேன். எங்கயும் தூளியப் பத்திச் சொல்லித் தரல பாரேன்."

"அப்ப நீங்க ஃபெயிலா?" என்றேன்.

"இப்பத்தான்டி பரீட்சையே எழுதறேன், வாலு!"

அதன்பிறகு எந்தத் தாய் வந்தாலும் உங்கள் முதல் கேள்வி, "புள்ளைய எதுல தூங்க வைக்கிற?" தூளி என்றால், கம்பியைவிட ஒரு சாண் நீளமான கட்டையை வைத்துத் தூளியின் வாயை விரிக்கச் சொன்னீர்கள். எனக்கு மறுபடி மாவுக்கட்டு, ஒரு ஆபரேஷன். கட்டின்மேல் நான் பல்லி வரைந்ததற்கு நர்ஸக்கா கத்தினார். நீங்கள் பேனாவை வாங்கி, வாலைத் திருத்தினீர்கள்.

என்னைப் போலவே வளைந்த பாதத்தோடு பிறந்து, நீங்கள் முதல் கட்டு போட்ட என் அக்கா மகள் நினைவிருக்கிறாளா? மிச்சக் கட்டுகளை உங்கள் இடத்துக்கு வந்த டாக்டர் போட்டார். கால் அழகாக நேராகிவிட்டது. அதுதான் ஆபத்து.

"நேராயிடுச்சில்ல? ராவெல்லாம் அழுவுதுடி. கயட்டிடறேன்" என்றாள் அக்கா, போன வாரம்.

உங்களுக்குப் போன் போடலாம் என்று கை போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது. உங்களைப் போலக் கெஞ்ச எனக்கு எங்கே தெரியும்? பேன்ட்டைச் சுருட்டி, தழும்புக் காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன்.

"இதுவும் நேராதான் இருந்துச்சு. கேட்டுக்கோ."

அடுப்படியில் அம்மா முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்கா தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "கால எட்றி, நாறுது" என்று தள்ளிவிட்டு, பாப்பாவின் செருப்பு வாரை இழுத்துப் பூட்டினாள்.

நானும் டாக்டராவேன் என்று கதை விட மாட்டேன். என் மார்க்கைப் பார்த்தால் நீங்களே எழுந்து வந்துவிடுவீர்கள். ஆனால் பாப்பாவுக்கு நாலு வயதாகும்வரை, அவள் தூங்கும் முன் அந்த வாரை நான் இழுத்துப் பார்ப்பேன். உதைப்பாள். நேரான காலால் நன்றாக உதைக்கட்டும்.

நீங்கள் பெறாமலே இரண்டு முறை நடக்க வைத்த மகள்,
கயல்