ரேடியோவில் நான் சொல்லாதது

நவம்பர் 6, திங்கள்

முழங்காலில் மறுபடி நீர். டாக்டர் ஊசி போட்டு எடுத்துவிட்டு, "இதை இன்னும் கால்னுதான் சொல்லிட்டிருக்கீங்களா?" என்றார். பனிச்சறுக்கில் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த கால்.

நவம்பர் 11, சனி

ஊர்மன்றத்திலிருந்து கடிதம். மலைக்குப் போகும் கேபிள் காரின் புதுப் பெட்டியில் என் பெயரை எழுதப் போகிறார்களாம். டிசம்பர் மூன்றாம் தேதி விழா, பேண்டு வாத்தியத்தோடு.

நவம்பர் 14, செவ்வாய்

கடையில் கோர்பினியன். அந்தக் காலத்தில் எங்கள் அணிக்குச் சறுக்குப் பலகை தீட்டி, மெழுகு போட்டு, காலணியைப் பலகையோடு பிடிக்கும் பூட்டை இறுக்கித் தந்தவர். விழாவுக்கு வாங்க என்றேன்.

"நானா? சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இர்மி வாசல்ல பனி வாரிப் போடுறதோட நிறுத்திக்கறேன். மேடைப் பக்கமெல்லாம் என் மூஞ்சியைக் காட்டக் கூடாது."

முப்பத்தொரு வருடமாக இதே பேச்சு. பூட்டைத் தளர்வாக வைத்தது தான்தான், அது கழன்றதால்தான் என் அணிக்காரி இர்மி போட்டியில் விழுந்தாள் என்று நம்புகிறார். விசாரணையிலும் அப்படித்தான் எழுதினார்கள். அணியிலிருந்து அவரை நீக்கினார்கள். இர்மி அன்றிலிருந்து சக்கர நாற்காலியில்.

நவம்பர் 15, புதன்

எழுதிவிடுகிறேன். யாருக்கும் சொன்னதில்லை.

முதலில் இறங்கி முடித்தவள், மேலே காத்திருக்கும் தன் அணிக்காரிக்கு ரேடியோவில் தடத்தைச் சொல்ல வேண்டும். எங்கே இளகியிருக்கிறது, எங்கே இறுகியிருக்கிறது. ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட இதைச் சொல்லிவிடுவார்கள். அன்று நான் ஏழாவதாக இறங்கினேன். இரண்டாவது தாவல் மேட்டுக்குக் கீழே, நிழலில், பனி தேய்ந்து வெறும் பனிக்கட்டி. நானே ஒற்றைக் காலில் தப்பினேன். இர்மி பன்னிரண்டாவது. பயிற்சி ஓட்டம் இரண்டிலும் என்னை முந்தியவள்.

"எல்லாம் சுத்தம், விட்டு அடி" என்றேன்.

நடுவில் வந்த நாலு பேரும் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார்கள். அவர்களுக்கு அவரவர் அணி சொல்லியிருந்தது.

ஜெயிக்கணும். அவ்ளோதான் மனசுல. அவ விழணும்னு நினைக்கல — நினைக்கலையா? தெரியல. தெரியவே இல்ல.

நவம்பர் 22, புதன்

இர்மி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தெரியும். கட்டி மேல இறங்கினப்பவே தெரியும். பூட்டு அப்புறம்தான் கழண்டுச்சு."

"அப்ப கோர்பினியன்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வருவாரா?" என்றாள். "நீ எத்தனை தடவை வந்திருக்க, புர்கி?"

நாலு தடவை. முப்பத்தொரு வருடத்தில்.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத. உன்கிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்ல."

நவம்பர் 23, வியாழன்

நேற்று வாக்குக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 28, செவ்வாய்

கோர்பினியனின் பட்டறை. யாரோ சின்னப் பெண்ணின் பலகை விளிம்பை அரம் போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அப்ப பூட்டைச் சரியாத்தான் வச்சிருந்தேனா?"

"சரியாத்தான் வச்சிருந்தீங்க."

"இது இர்மிக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய், எனக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் உண்மையைச் சொல்லத்தானே வந்தேன்! தெரியும் என்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அரம் கையிலேயே இருந்தது.

"எப்பலேருந்து?"

"விழுந்த அன்னிலேருந்து."

"போ, புர்கி. கிளம்பு."

டிசம்பர் 1, வெள்ளி

கேபிள் காரில் என் பெயர் வேண்டாம் என்று ஊர்மன்றத் தலைவருக்குப் போன் செய்தேன். காரணம் கேட்கவே இல்லை. "அடக்கம்னா இதுதாங்க," என்றார். நானும் திருத்தாமல் போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 2, சனி

இரவெல்லாம் கொட்டி இடுப்பளவு பனி. எட்டு மணிக்குப் பார்த்தேன், இர்மி வீட்டு வாசலில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. பனிவாரியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் போனேன். முதல் வாரலின் சத்தத்துக்கே கதவு திறந்தது. தலை வாரியிருந்தாள். உள்ளே மேசையில் இரண்டு காபிக் குவளை.

என்னைப் பார்த்தாள். பிறகு தெருவை, வளைவு வரைக்கும்.

"அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரல," என்றாள். "இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

கதவைச் சாத்திக்கொண்டாள். தெரு வரை வாரி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. வளைவுப் பக்கமிருந்து யாரும் வரவில்லை.