நீங்க பாருங்க, நான் வர்றேன்

மச்சான்,

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன அன்று போர்வை போட்டு மூடிய டிவியைப் போன வாரம்தான் திறந்தோம். பேத்திக்குக் காய்ச்சல். மருந்தைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்கிறாள். பொம்மைப் படம் போட்டால் வாயைத் திறப்பாள் என்று நம் மருமகள் நஸ்ரின் போர்வையை எடுத்துவிட்டு ரிமோட்டை அழுத்தினாள். பொம்மைப் படம் வருவதற்கு முன்னால் உங்கள் படம் வந்து நின்றது. பார்த்து முடிக்காத படங்களை வரிசையாகக் காட்டுமே, அதில் முதலாவதாக. கொட்டுகிற மழையில் ஒரு ஆள், கையில் மடக்கிய குடை. அவன் காலடியில், படம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டுகிற சிவப்புக் கோடு, பாதியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து நின்றிருந்தது.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். நஸ்ரின் பார்த்துவிட்டாள்.

"மாமி, இத இந்த வரிசையிலேருந்து எடுத்துடவா? பார்க்கும்போதெல்லாம் உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"இருக்கட்டும்" என்றேன்.

"நாம எடுக்கலைன்னாலும் இந்த மாசக் கடைசியோட அதுவே போயிடும் மாமி. கீழ போட்டிருக்கான் பாருங்க."

எங்கே போகும் என்று கேட்டேன். காசு வாங்கிக்கொண்டு படம் காட்டுகிற அந்தக் கம்பெனிக்காரன் தூக்கிவிடுவானாம். பிறகு எங்கே கிடைக்குமோ, கிடைக்காதோ, அவளுக்கும் தெரியவில்லை.

எனக்கு இன்னும் இத்தா முடியவில்லை. புருசனைப் பறிகொடுத்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்து ஓதிக்கொண்டிருக்க வேண்டியவள். நானும் ஓதத்தான் செய்கிறேன். ஆனால் உங்களுக்காக யாசீன் ஓத உட்கார்ந்தால் நடுவில் அந்தக் குடைக்காரன் வந்து நிற்கிறான். படத்தில் அவன் தேடி வந்த நர்ஸ் வெளியே வந்தாளா, இவனைப் பார்த்தாளா என்று மனசு கேட்கிறது. உங்களை நினைத்து அழுகிற நேரத்தில்கூடக் கேட்கிறது. என்ன மனசு மச்சான் இது?

நீங்கள் பழக்கிவிட்டதுதான். நீங்கள் சவூதியில் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடுவீர்கள். ஒரு போனில் உங்கள் முகம், மகனுடைய போனில் படம். அங்கே நீங்களும் இங்கே நானும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் போடுவோம். நம்ம ஊர் நெட்டு உங்கள் ஊர் நெட்டு மாதிரியா? எனக்குப் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். நீங்கள் அதற்குள் சிரித்துவிடுவீர்கள்.

"முந்தாதீங்க மச்சான்!" என்று கத்துவேன்.

"சரி, சரி, நிறுத்திட்டேன். பாட்டு வந்துச்சா?"

"இன்னும் வரலை."

"வரட்டும் புள்ள. நான் இங்கதான் நிக்கிறேன்."

ஒருத்தர் இன்னொருத்தரை முந்தக் கூடாது என்பது அப்போது போட்ட சட்டம். எத்தனை படம் பார்த்திருப்போம்! எல்லாம் காதல் படம். "சண்டைப் படத்தைத் தியேட்டர்ல பாரு. காதல் படத்தை வீட்டுலதான் பார்க்கணும், அழுவுறதுக்கு வசதி" என்பீர்கள். கடைசியில் யாரையாவது சாகடிக்கிற படம் உங்களுக்கு ஆகாது. "முடிக்கத் தெரியாதவன்தான் ஆளைக் கொல்லுவான்" என்று திட்டுவீர்கள். சின்னச் சண்டை போட்டுப் பிரிந்து, பெரிய மனசு வந்து சேருகிற படமாகத் தேடிப் பிடிப்பீர்கள். பிரிந்தவர்கள் சேருகிற இடத்தில் போனில் உங்கள் கண் கலங்கும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

ஒருதரம் கேட்டீர்கள், "சேர்ந்ததோட வணக்கம் போட்டுடுறான். அதுக்கப்புறம் அதுங்க என்ன பண்ணுச்சுங்கன்னு எவனாவது காட்டுறானா?"

"என்ன பண்ணும்? நம்மள மாதிரி அரிசி, பருப்புன்னு பேசும்" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு நீங்கள் சவூதி வேலையை மொத்தமாக முடித்துக்கொண்டு வந்தீர்கள். நாமும் சேர்ந்தோம். அதைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியாமல் இத்தனை நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

வந்ததும் முத்துப்பேட்டைக்குப் போய்ப் பெரிய டிவி வாங்கிப் போட்டீர்கள். ரெண்டு பேர் உட்காருகிற சோபா ஒன்றும் வந்தது. காற்றாடிக்கு நேரே இருக்கிற பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டு, "வா புள்ள" என்பீர்கள். நான் கீழே பாயில் உட்காருவேன். மருமகள் நடமாடுகிற வீடு. பக்கத்து வீட்டு மைமூன் லாத்தா எந்த நேரமும் உள்ளே வருவாள். ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னடி, மாப்பிள்ளையும் பொண்ணும் டூயட்டு பார்க்குறீங்களா?" என்று கேட்டாள். நீங்கள் சளைக்காமல், "நீயும் வா லாத்தா, வில்லிக்கு ஆள் இல்லை" என்றீர்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் முகம் எரிந்தது.

வெட்கம் மட்டும் என்றால் அல்லாஹ்விடம் சொல்லி ஆறிக்கொள்வேன். அது மட்டும் இல்லை மச்சான். நீங்கள் வீட்டில் இருப்பது எனக்குப் பழகவில்லை. காலையில் ஒருதரம், பத்து மணிக்கு ஒருதரம் என்று டீ கேட்டீர்கள். பாத்திரத்தை இடம் மாற்றி வைத்தீர்கள். அடுப்படியில் வந்து நின்று புளி அதிகம் என்றீர்கள். வெள்ளிக்கிழமை மட்டும் சிரித்துக்கொண்டு வருகிற அந்தப் போன் மச்சானை நான் தேட ஆரம்பித்தேன். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே உங்களைத் தேடினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்குமோ?

அதனால்தான் படம் ஓடும்போது அடிக்கடி எழுந்து போனேன். பால் அடுப்பில் இருக்கிறது, துணி காய்கிறது, கோழி உள்ளே வருகிறது. எழும்போது ஒரே வார்த்தைதான், "நீங்க பாருங்க, நான் வர்றேன்."

நீங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் திரும்பி வந்தால் படம் நான் எழுந்து போன இடத்திலேயே நிற்கும். சில நாள் கொஞ்சம் ஓடவிட்டுவிட்டு, நான் வருகிற சத்தம் கேட்டுப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவீர்கள். "இந்தப் படம் இந்த வருசத்துல முடியாது" என்று நான் சலித்துக்கொள்வேன். "முடியாட்டிப் போவுது. எங்க ஓடப் போறோம்?" என்பீர்கள்.

நீங்கள் போன அன்றைக்கும் மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரம்தான். படத்தில் அந்தக் குடைக்காரன், லாரி டிரைவர், பல வருசம் கழித்து அந்த நர்ஸைத் தேடி வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான். கையில் குடை இருந்தும் விரிக்காமல் நனைகிறான். தெருவில் இறால்காரி கூப்பிட்டாள்.

"இரு புள்ள. இப்பதான் அவ வெளியில வரப்போறா."

"நீங்க பாருங்க, நான் வர்றேன்."

இறால் நல்ல இறால். வாங்கிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்து உரித்தேன். மைமூன் லாத்தா வந்தாள். அவள் மகள் வீட்டுக் கதையெல்லாம் பேசினோம். உள்ளே சத்தமே இல்லை. எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். ஒருதரம் உள்ளே எட்டிப் பார்த்தேன். தலையைச் சாய்த்திருந்தீர்கள், ரிமோட்டு கையில். திரையில் அந்த ஆள் அப்படியே நனைந்துகொண்டு நின்றான். "படம் பாருங்கன்னா தூங்குறதப் பாரு" என்று சொல்லிவிட்டு இறாலுக்கு மஞ்சள் தடவப் போய்விட்டேன். சாயந்தரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு எழுப்ப வந்தேன்.

தூக்கத்திலேயே போயிருக்கும், பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மகனும் அதையே சொல்லிச் சொல்லித் தேற்றுகிறான். நான் அதைக் கேட்கவில்லை மச்சான். எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். அதை எந்த டாக்டர் சொல்வார்?

மாதம் முடிய ரெண்டு நாள் இருக்கும்போது நஸ்ரினைக் கூப்பிட்டேன்.

"அந்தப் படத்தைப் போடும்மா."

அவள் டிவியைப் போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். "சத்தம் வைக்கவா மாமி?"

"வேணாம். லாத்தா காதுல விழும். இத்தாவுல இருக்குறவ படம் பார்க்குறான்னு ஊரெல்லாம் ஆயிடும்."

"ஆவட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

"வேணாம்மா. இதுவே தப்பா சரியான்னு எனக்குத் தெரியலை. சத்தம் வேற வேணாம்."

காற்றாடிக்கு நேரே, நீங்கள் எனக்கு விட்டு வைத்த பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் தடவை. சோபா இவ்வளவு பள்ளமாக இருக்கும் என்று தெரியாது. குக்கர் கூப்பிட்டது. நான் அசையவில்லை, நஸ்ரின்தான் ஓடினாள். தெருவில் மீன்காரியும் கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

நீங்கள் சொன்ன மாதிரியே அவள் வெளியே வந்தாள் மச்சான், அந்த நிமிசமே. பார்த்தாள். நிற்காமல் போய்விட்டாள். அதற்கப்புறம் கதை எங்கெங்கோ போய், கடைசியில் அதே வாசலுக்கு வந்தது. இந்தத் தடவை அவன் கையிலிருந்து குடையை வாங்கி அவளே விரித்தாள். ரொம்ப நேரம் என்னமோ பேசினாள். அவன் சிரித்தான், அழுதான். சேர்ந்துவிட்டார்கள், யாரும் சாகவில்லை. உங்களுக்குப் பிடித்திருக்கும். என்ன பேசிச் சேர்ந்தார்கள் என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சத்தம் இல்லை அல்லவா?

நம் சட்டத்தை மீறி உங்களை முந்திவிட்டேன். அது உறுத்தியது. நஸ்ரினிடம் ரிமோட்டைக் கேட்டேன். "பின்னால தள்ளுறது எது?" என்றேன். காட்டிக் கொடுத்தாள். முதலில் ரொம்ப தூரம் போய்விட்டது, சின்ன வயசுப் பாட்டு வந்தது. மெதுவாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். மழை வந்தது. ஆஸ்பத்திரி வாசல் வந்தது. மடக்கிய குடையோடு அந்த ஆள் வந்ததும் அழுத்தி நிறுத்தினேன்.

மாதம் முடிந்தது. நஸ்ரின் தேடிப் பார்த்துவிட்டு, "போயிடுச்சு மாமி" என்றாள். டிவியில் போயிருக்கும். நான் எழுந்து போன இடமும் நீங்கள் எழுந்து போன இடமும் ஒன்றுதான் மச்சான். அதை அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.